பழைய ஃப்ளாப்பியில் கிடக்கும் தமிழை மீட்பது எப்படி

வானொலி நேயர் மன்றங்களும் தபால்தலைச் சங்கங்களும் தொண்ணூறுகளில் கணினியில் அச்சுக்கோத்த செய்திமடல்களின் காகிதப் பிரதி பல வீடுகளில் கரையானுக்குப் போய்விட்டது. கோப்பு மட்டும் பரணில் ஏதோ ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் ஃப்ளாப்பியாகக் கிடக்கும். அதை மீட்பதில் இரண்டு வேலை உண்டு. தட்டிலிருந்து பைட்டுகளை எடுப்பது ஒன்று, எடுத்ததை இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடாக்குவது இன்னொன்று. முதலாவதில் பிசகினால் கணினியே கத்திச் சொல்லிவிடும். இரண்டாவதில் எழுத்து விழுந்துபோனால் சத்தமே வராது. அதிகக் கவனம் அங்கேதான் வேண்டும்.

தட்டிலிருந்து எடுப்பது

முதலில் தட்டில் தவறிப்போய் எதுவும் எழுதப்படாமல் தடுக்க வேண்டும். 3.5 அங்குலத் தட்டில் மூலையிலுள்ள சின்னத் தாழைத் தள்ளி, துவாரம் திறந்திருக்கும்படி வையுங்கள். 5.25 அங்குலத் தட்டில் நேர் எதிர்: பக்கவாட்டு வெட்டை ஒளிபுகாத டேப்பால் மூட வேண்டும்.

அடுத்து உலோக மூடியை விலக்கிப் பிடித்துக்கொண்டு, பின்பக்க மையத்தை விரலால் மெல்லச் சுழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளியோ மங்கலான திட்டோ தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் இது சகஜம். அப்படியே டிரைவில் போட்டால் பூஞ்சை, தட்டைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல தட்டையும் கீறிவிடும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, அழுத்தாமல் இரு பக்கமும் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் போடுங்கள். ஹெட்டையும் அவ்வப்போது அதே ஆல்கஹாலால் துடைக்க வேண்டும்.

1.44 எம்பி தட்டுக்குச் சாதாரண யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் போதும். 400, 800 கேபி மேக் தட்டுகளை அது படிக்காது. அவற்றுக்கும் 5.25 அங்குலத் தட்டுகளுக்கும் கிரீஸ்வீசில் என்ற சிறு பலகையும், பழைய மேசைக் கணினியிலிருந்து கழற்றிய 34 முள் டிரைவும் வேண்டும். அது கோப்புகளைத் தேடாது. தட்டின் காந்த அலையை உள்ளபடி பதிந்து தரும், பிறகு மென்பொருளில் பிரித்துக்கொள்ளலாம்.

தட்டைப் போட்டதும் விண்டோஸ் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கக்கூடும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போடவும் வேண்டாம். தட்டு முழுவதையும் ஒரே இமேஜாக, அதாவது பைட்டுக்குப் பைட் அப்படியே நகலாகும் ஒரே கோப்பாக எடுங்கள். லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ இதற்கென்றே உள்ளது. நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு, படியாத செக்டர்களின் (தட்டின் சிறு பிரிவுகளின்) கணக்கை ஒரு மேப் கோப்பில் எழுதி வைக்கும். இந்த மேப் கோப்பைத் தொலைக்காதீர்கள். டிரைவுக்கு டிரைவ் ஹெட் நிற்கும் இடம் நூலளவு மாறும் என்பதால், ஒன்றில் படியாத செக்டர் இன்னொன்றில் படிவது உண்டு. அதே மேப் கோப்போடு டிரைவை மாற்றி ஓட்டினால் ஓட்டை மட்டும் நிரம்பும்.

1.44 எம்பி தட்டு என்றால் இமேஜின் அளவு சரியாக 14,74,560 பைட் இருக்க வேண்டும் (80 தடம், 2 பக்கம், தடத்துக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட்). ஒரு பைட் குறைந்தாலும் முழுமையாகவில்லை என்று பொருள். சரியாக இருந்தால் கோப்பு பின்னாளில் மாறியதா என்று காட்டும் எஸ்எச்ஏ-256 எண்ணைக் கணக்கிட்டு, தட்டின் லேபிளைப் படம் பிடித்து, இரண்டையும் பக்கத்திலேயே வையுங்கள்.

கோப்புத் தேதிகளும் வரலாறுதான். எந்த இதழ் எப்போது தயாரானது என்பதற்கு வேறு சாட்சி இருக்காது. ஆனால் 1980 ஜனவரி 1 என்று இருந்தால் நம்ப வேண்டாம். கடிகார பேட்டரி செத்துப்போன கணினியில் தட்டச்சு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

யூனிகோடாக்குவது

இனி இமேஜிலிருந்து பிரித்தெடுத்த நகலில்தான் வேலை. வேர்டு கோப்பு என்றால் எழுத்துரு பெயர் உள்ளேயே இருக்கும். வெறும் உரைக் கோப்பு என்றால் திறந்து பாருங்கள். ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியுமாகக் குழம்பிக் கிடந்தால் பாமினி என்ற பழைய எழுத்துரு வகை. தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீடாகவோ 1999-இல் வந்த டாம், டாப் குறியீடுகளாகவோ இருக்கலாம். பேஜ்மேக்கர் 6, 7 கோப்புகளை லிப்ரே ஆஃபீஸ் டிராவில் திறக்கலாம். பக்க அமைப்பு கொஞ்சம் கலையும், உரை கிடைத்துவிடும்.

பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போடுகிறது. ஆகவே கோப்பை மொத்தமாக மாற்றியில் (குறியீட்டை மாற்றும் மென்பொருளில்) கொட்டினால், நடுவே இருக்கும் ஆங்கிலப் பெயர்கள், அலைவரிசைக் குறிப்புகள் எல்லாம் பொருளற்ற தமிழாகிவிடும். திரும்ப ஆங்கிலமாக்க வழியிருக்காது. கோப்பை ஆர்டிஎஃப் அல்லது எச்டிஎம்எல்லாகச் சேமித்து, பாமினி என்று குறிக்கப்பட்ட பகுதிகளை மட்டும் மாற்றுங்கள். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் பாமினி, டாப், டாம், மயிலை எனப் பலவற்றுக்கும் அட்டவணை உண்டு.

டிஸ்கியில் ஆங்கிலம் தப்பிவிடும். அங்கே ஆபத்து வேறு. ‘இ’ உட்கார்ந்திருக்கும் இடம் 173. லத்தீன் குறியீட்டில் அது கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோடு. உலாவியிலோ வேர்டிலோ திறந்து திரையிலிருந்து நகலெடுத்தால் பல நேரம் அது உதிர்ந்துபோகும். ‘இந்த’ என்பது ‘ந்த’ ஆகிவிடும். எனவே திரையிலிருந்து நகலெடுக்காமல், மூலக் கோப்பையே மாற்றியிடம் கொடுங்கள். லினக்ஸில் உள்ள ஐகான்வ் கருவிக்கு டிஸ்கி நேரடியாகவே தெரியும்.

இன்னொரு சிக்கல் எழுத்து வரிசை. பழைய குறியீடுகளில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாக இருக்கும். யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பிறகு. வரி முடிவில் கொம்பு தனியாகப் பிரிந்திருந்தால் மாற்றி தடுமாறி, கொம்பை அநாதையாக விட்டுவிடும்.

மாற்றியபின் இவற்றைத் தேடிப் பாருங்கள். சொல்லின் தொடக்கத்தில் தனிக் கொம்பு நின்றால் பிழை. ‘கெளரவம்’ என்று க-வுக்குக் கொம்பும் பக்கத்தில் ள-வும் இருந்தால் ‘கௌரவம்’ என்று திருத்த வேண்டும். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், தேடலில் அகப்படாது. காலுக்குப் பதில் ‘ர’ அடித்திருப்பதும் அந்தக் காலப் பழக்கம். ஆனால் அச்சுப்பிழையை எல்லாம் அழகாகத் திருத்திவிட வேண்டாம். குறியீட்டு மாற்றத்தில் வந்த பிழையைத்தான் திருத்த வேண்டும், ஆசிரியர் விட்ட பிழை அவருடையது. எது யாருடையது என்று தெரிய, பழைய எழுத்துருவை நிறுவி மூலக் கோப்பை அப்படியே பிடிஎஃப் ஆக்குங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட வேறு ஆதாரம் இல்லை.

சேர்க்கும் இடம்

இமேஜ், பிரித்தெடுத்த மூலக் கோப்பு, எழுத்துரு, பிடிஎஃப், யூனிகோடு உரை ஐந்தும் ஒரே அடைவில் இருக்கட்டும். மூன்று நகல் வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில். இலங்கைத் தமிழர் சம்பந்தப்பட்டது என்றால் ‘நூலகம்’ என்ற எண்ணிம ஆவண நிறுவனத்தைக் கேளுங்கள்; மற்றவற்றுக்கு இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் காப்பகம் உண்டு. எழுதியவர்களிடமோ வாரிசுகளிடமோ அனுமதி வாங்குங்கள்; இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை நிற்கும்.

பொதுவில் ஏற்றும் முன் பேனா நண்பர் பகுதியையும் உறுப்பினர் பட்டியலையும் பாருங்கள். வீட்டு முகவரி, வயது, தொலைபேசி எண் என எல்லாம் அச்சாகியிருக்கும். பொதுப் பிரதியில் அவற்றை மறைத்து, மறைத்த இடத்தில் மறைத்ததாக ஒரு குறிப்புப் போடுங்கள். முழுப் பிரதி பூட்டிய அடைவில் இருக்கட்டும்.