பேட்டரி சைக்கிளுக்கு அகல டயர்

பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவிக்குப் பேட்டரி சைக்கிளில்தான் போய்வருகிறேன். மோட்டார் பின்சக்கரத்தின் நடுவிலேயே இருப்பதால் பாரமெல்லாம் பின்டயர் மேல்தான். ஒரே மாதத்தில் மூன்று பஞ்சர். ட்யூபைத் தண்ணீரில் முக்கினால் அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை, பாம்பு கொத்தியது போல. முள் குத்தினால் ஒன்றுதான் இருக்கும். குழியில் விழும்போது ரிம் நசுக்கிய வேலை இது.

“அண்ணாச்சி, காத்துக்கு எடமே இல்லையே, அகலமா மாத்துங்க” என்றார் கடைக்காரர். டயர் ஓரத்தில் 47-559 என்றிருந்தது. முதல் எண் அகலம், அடுத்தது ரிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 559 மாறக் கூடாது. ஆசைப்பட்டு 60 வாங்கினேன். மட்கார்டில் உரசி, கர்கர்ரென்று ஒரே சத்தம். திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர் முகம் போன போக்கு!

அப்புறம் இடைவெளியை அளந்து 55-559 போட்டேன். பட்டன் பட்டனாகக் குமிழ் வைத்த டயர் வேண்டாம். தார்ரோட்டுக்கு வழுவழுப்பானதே போதும், இரைச்சலும் குறைவு. காற்றழுத்தம் 60 பிஎஸ்ஐ அடித்த இடத்தில் இப்போது 40தான். குழியில் முதுகு தப்பிக்கிறது. சீமைக்கருவேல முள்ளுக்கு மட்டும் அகலம் ஒரு பொருட்டே இல்லை. அதற்கென்று உள்ளே தடுப்புப் பட்டை வைத்த டயராகப் பார்த்து எடுத்தேன்.