கன்ட்ரோல் எலி கடையில் கிடைக்காது

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். எதிரே இருந்த முனைவர் பட்ட மாணவர் சோற்றைப் பிசைவதற்கு முன்பே கைப்பேசியை நீட்டினார். திரையில் இரண்டு கோடுகள். ஒரு மரபணுவை நீக்கி உருவாக்கிய நாக்அவுட் எலிக்கு இரத்த அழுத்தம் ஏறியிருந்தது, ஒப்பிட வைக்கும் கன்ட்ரோலான சாதாரண எலிக்கு ஏறவில்லை. வேறுபாடு தற்செயலாக இருக்காது என்று காட்டும் மூன்று நட்சத்திரம் வேறு மேலே.

"பாருங்க டாக்டர், முதல் தடவையே வந்துருச்சு!"

"கன்ட்ரோல் எலி எங்கேருந்து தம்பி?"

"வெளிய வாங்கினதுதான். ரெண்டும் அதே கருப்பு எலிதானே டாக்டர்."

இலையில் ரசம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அதே கருப்பு எலிதானே" என்று ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலை இரண்டரை வருஷம்.

காதுக்குறியை மாற்றி எழுதுவது, வால் நுனி மாதிரியைக் குழப்புவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை ஒருமுறை செய்தால் தானாகவே புத்தி வரும். செய்தது தெரியாமலே முடிவுரை வரைக்கும் கூட வரும் தவறுகள்தான் ஆபத்தானவை. (கீழே எலி என்று எழுதுவது சுண்டெலியைத்தான். பெரிய எலி வருகிற இடத்தில் சொல்கிறேன்.)

கன்ட்ரோல் எலியை வெளியில் வாங்குவது

முதலில் என் கதை. நான் ஆராய்ந்த மரபணுவை நீக்கிய எலி, 129 என்ற இனத்தின் கருத் தண்டுச் செல்லில் உருவாக்கப்பட்டது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். பிறகு சி57பிளாக்6 என்ற கருப்பு எலியோடு தலைமுறை தலைமுறையாகக் கலப்பார்கள். பத்துத் தலைமுறை கலக்க வேண்டும் என்பது வழக்கம். எங்களுக்குப் பொறுமை இல்லை, மூன்றோடு நிறுத்திவிட்டோம். அதன்பின் நாக்அவுட்டுக்கு நாக்அவுட்டையே சேர்த்து வளர்த்தோம். எல்லாக் குட்டியும் நாக்அவுட் என்றால் ஒவ்வொன்றின் மரபணுவையும் சோதிக்கும் செலவு மிச்சம் பாருங்கள்! ஒப்பிட மட்டும் வெளியிலிருந்து கருப்பு எலி வாங்கினோம்.

நாக்அவுட்டுக்கு அழுத்தம் 14 மி.மீ. (பாதரச அளவு) கூட. கொண்டாடினோம். கட்டுரை போனது. மதிப்பாய்வாளர் ஒருவர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: இவை கூடப்பிறந்த குட்டிகளா?

வீம்புக்காகத்தான் செய்து பார்த்தேன். ஒரு பிரதி மட்டும் நீங்கிய ஆணையும் பெண்ணையும் சேர்த்து, ஒரே ஈற்றில் பிறந்த நாக்அவுட்டையும் சாதாரணக் குட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தேன். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. அந்த 14 மி.மீ. போன இடம் தெரியவில்லை.

அது எங்கிருந்து வந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். இரத்த அழுத்தத்தைத் தூக்கும் வரிசையில் முதல் நொதி ரெனின். சி57பிளாக்6 எலிக்கு ரெனின் மரபணு ஒன்றுதான். 129 எலிக்கு இரண்டு: ரென்-1டி ஒன்று, ரென்-2 இன்னொன்று. உறைபெட்டியில் கிடந்த பழைய டிஎன்ஏவை எடுத்துப் பார்த்தால், என் நாக்அவுட் கூட்டம் முழுவதும் இரண்டு ரெனினோடு உட்கார்ந்திருந்தது. நான் நீக்கிய மரபணுவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முதலில் சோடி சேர்த்த நாலைந்து எலியில் அது ஒளிந்திருந்து, உள்ளுக்குள்ளேயே பெருகி நிலைத்துவிட்டது.

ஒரு மரபணு கூடினால் என்ன பெரிதாக வந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. 1990-இல் சுண்டெலியின் இதே ரென்-2 மரபணுவைப் பெரிய எலிக்குள் புகுத்தினார்கள். அந்த எலிகளுக்குக் கடுமையான இரத்தக் கொதிப்பு வந்தது. ரெனின் வெட்டுகிற புரதமான ஆஞ்சியோடென்சினோஜனின் மரபணுவை ஒரு பிரதியிலிருந்து நான்கு பிரதி வரை கூட்டிப் பார்த்த ஆலிவர் ஸ்மித்தீஸ் குழு, பிரதிக்கு ஏறக்குறைய 8 மி.மீ. ஏறுவதை 1995-இல் காட்டியது. மரபணு நீக்கும் உத்திக்காக 2007-இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் அவர். இந்த வரிசையில் பிரதி எண்ணிக்கையே மருந்து மாதிரி வேலை செய்யும்.

இப்போது யாரும் 129-ஐத் தொடுவதில்லை, பிரச்சினை தீர்ந்தது என்பார்கள். தீரவில்லை, வேஷம் மாற்றிக்கொண்டது. அந்தத் தம்பியின் நாக்அவுட், பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்று சி57பிளாக்6என் செல்லில் உருவாக்கியது. வாங்கிய கன்ட்ரோலோ 6ஜே. ரசீதில் கடைசி எழுத்து மட்டும் வேறு, அதை யார் பார்க்கிறார்கள்? இவ்விரண்டு கிளைகளும் 1951-இல் பிரிந்தவை. பிரிந்தபின் 6ஜே கிளையில் என்என்டி என்ற மரபணுவின் ஒரு பகுதி தானாகவே உதிர்ந்துவிட்டது. மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜன் கழிவைச் சமாளிக்க உதவும் நொதி அது. தமனிச் சுவரில் ஆக்சிஜனேற்றப் பாதிப்பை ஆராய்கிற அந்தத் தம்பி, அந்த நொதியே இல்லாத எலியைச் சாதாரண எலி என்று வைத்து அளந்திருக்கிறார். கன்ட்ரோல் என்று காசு கொடுத்து வாங்கியதே ஒரு நாக்அவுட்.

கூடப்பிறந்த குட்டிகள் வேண்டும் என்றால் ஏன் எல்லோரும் நழுவுகிறார்கள்? கணக்குதான் காரணம். நாக்அவுட்டை அதே கிளையின் சாதாரண எலியோடு சேர்த்தால் முதல் ஈற்றில் எல்லாம் ஒரு பிரதிக் குட்டிகள். அவை வளர்ந்து சேர்ந்தால்தான் நாலில் ஒன்று நாக்அவுட், நாலில் ஒன்று சாதாரணம். கர்ப்பம் மூன்று வாரம், சேர்க்கத் தகுந்த வயதுக்கு ஏழெட்டு வாரம், மறுபடி மூன்று, ஆய்வு வயதுக்கு இன்னொரு எட்டு. ஐந்து மாதம் போய்விடும். ஆண் மட்டும் பன்னிரண்டு நாக்அவுட் வேண்டுமென்றால் எட்டில் ஒன்றுதான் தேறும். 96 குட்டி, ஈற்றுக்கு ஏழு என்றாலும் பதினான்கு ஈற்று. வாழையிலை ஓரத்தில் விரலால் எழுதிக் காட்டியபோது தம்பியின் முகம் வாடிவிட்டது. "அப்போ இந்த ஆறு மாசம் சும்மாவா டாக்டர்?" சும்மாதான். என்னுடையதில் ஐந்தில் ஒரு பங்குதானே என்று தேற்றினேன்.

ஒரு எச்சரிக்கை. நீக்கிய மரபணு 129 செல்லில் நீக்கப்பட்டு, ரெனின் இருக்கிற முதல் குரோமோசோமில் அதற்குப் பக்கத்திலேயே இருந்தால், கூடப்பிறந்ததும் காப்பாற்றாது. பக்கத்து வீட்டுக்காரனான 129 ரெனினும் கூடவே வருவான். அப்படிப்பட்ட மரபணுவை நேரே கருப்பு எலியிலேயே கிறிஸ்பர் என்ற மரபணு வெட்டும் உத்தி கொண்டு நீக்குங்கள்.

எஸ்எச்ஆர் எலியை மரபணு மாற்றியது என்று எழுதுவது

இல்லை. தானாகவே இரத்தக் கொதிப்பு வரும் எஸ்எச்ஆர், கியோட்டோவில் ஒகமோட்டோவும் அவோகியும் அழுத்தம் கூடிய பெரிய எலிகளைப் பொறுக்கிச் சேர்த்து உருவாக்கிய வகை, 1963-இல் வெளிவந்தது.

பெட்டி வந்தபின் அனுமதி தேடுவது

மரபணு மாற்றிய எலி இங்கே மலேசியாவில் 2007 உயிரியல் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். முதலில் தாள், பிறகு எலி.

ஏபோ-ஈ எலியின் படிவைப் பார்த்து மாரடைப்பு என்று எழுதுவது

இரத்தத்திலிருந்து கொழுப்பை அகற்ற உதவும் மரபணு நீங்கிய, 1992-இல் வந்த ஏபோ-ஈ நாக்அவுட் அற்புதமான எலி, அதில் சந்தேகமில்லை. சாதாரணத் தீனியிலேயே கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 400 முதல் 600 மி.கி. வரை போகும், பெருந்தமனி அடியில் கொழுப்புப் படிவு வரும். ஆனால் அந்தப் படிவு வெடித்து இரத்தம் உறைவது அரிது, நம் ஆட்களுக்கு அதுதான் உயிரை எடுக்கிறது. படிவு சுருங்கியது என்று எழுதுங்கள், மாரடைப்பைத் தடுத்தது என்று எழுதாதீர்கள். வரைபடத்தில் ஆணையும் பெண்ணையும் ஒரே கம்பியில் போடாதீர்கள்.

கொழுப்புத் தீனியை அலமாரியில் வைப்பது

கோலாலம்பூர் வெக்கையில் சிக்கு வாடை அடிக்கும். உறைபெட்டியில் வையுங்கள்.

வால்பட்டையை நம்பி எண் சொல்வது

வாலில் பட்டை மாட்டி அளக்கும்போது எலி குழாய்க்குள் அடைபட்டிருக்கும், உடம்பைச் சூடாக்க வேண்டும். இரண்டும் அழுத்தத்தை மாற்றும். ஒரு வாரமாவது தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் பழக்க வேண்டும். நிறைய எலியில் யாருக்கு அழுத்தம் கூட என்று சலித்தெடுக்க அது போதும். எத்தனை மி.மீ. என்று சொல்ல, தமனிக்குள் குழாய் வைத்து, அளவைக் கம்பியில்லாமல் அனுப்பும் டெலிமெட்ரிதான். அமெரிக்க இதயச் சங்கம் 2005-இலேயே இதைச் சொல்லிவிட்டது. அறுவைக்குப் பின் ஏழு முதல் பத்து நாள் விட்டுத்தான் அளக்கத் தொடங்க வேண்டும். இரவையும் சேர்த்துப் பாருங்கள், எலி இரவில்தான் விழித்திருக்கும்.

டெலிமெட்ரி வாங்கிய முதல் வருஷம் தீபாவளிக்கு முந்தின இரவு வரைபடத்தில் சாதாரண எலி, நாக்அவுட் எலி எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அழுத்தம் குத்துக்குத்தாக ஏறியிருந்தது. காவலரிடம் கேட்டோம். எதிர்ப்புற அடுக்குமாடியில் பதினொன்றரை வரை வெடி. அந்த மூன்று நாள் தரவை அப்படியே ஒதுக்கிவிட்டோம். இப்போதெல்லாம் எங்கள் அளவீட்டு அட்டவணையில் எலிக்கும் தீபாவளி விடுமுறை உண்டு.