ஒரு நகரம் வெளிவிடும் மீத்தேனை அளப்பது எப்படி?

மீத்தேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குழாய் எரிவாயு கசியும்போது வரும் வாடைகூட, கசிவு தெரியட்டும் என்று தனியாகச் சேர்ப்பதுதான். 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும் இந்த வாயுவை ஒரு நகரம் முழுக்க எப்படி அளப்பது? அமெரிக்காவின் பாஸ்டனை வைத்துப் பார்ப்போம்.

படி 1: கணக்கேடு போடுங்கள். குப்பைமேடு, கழிவுநீர் நிலையம், எரிவாயுக் குழாய் என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் அளவையும் அதற்குரிய உமிழ்வுக் காரணியால் (ஓர் அலகுக்கு எவ்வளவு மீத்தேன் வெளியாகும் என்ற எண்) பெருக்குங்கள். இது வெறும் மதிப்பீடு. இதோடு நிறுத்திவிடாதீர்கள்.

படி 2: பின்னணி அளவைப் பிடியுங்கள். சுத்தமான காற்றிலேயே மீத்தேன் சுமார் 1.9 பிபிஎம் இருக்கிறது, அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் வருவதுதான் உங்கள் கணக்கு.

படி 3: தெருத்தெருவாக ஓட்டுங்கள். லேசர் அளவி, ஜிபிஎஸ், காருக்கு வெளியே காற்றை உறிஞ்சும் ஒரு குழாய், இவ்வளவு போதும். திரையில் கோடு 1.9-இல் தட்டையாகப் போய்க்கொண்டிருக்கும். ஒரு சாக்கடை மூடியைக் கடக்கும்போது சட்டென 4-க்கு எகிறி, சில நொடியில் இறங்கிவிடும். உடனே குறித்துவிட வேண்டாம். முன்னால் போகும் சிஎன்ஜி பேருந்தின் புகையாகவும் இருக்கலாம். இன்னொரு நாள் அதே தெருவில் ஓட்டுங்கள். அதே இடத்தில் மறுபடி எகிறினால் அது கசிவு. 2011-இல் பாஸ்டனின் 785 மைல் சாலைகளை இப்படிச் சுற்றியதில் 3,356 கசிவுகள் சிக்கின. பழைய வார்ப்பிரும்புக் குழாய்கள் அதிகமுள்ள பகுதிகளில்தான் கசிவும் அதிகம்.

படி 4: எங்கிருந்து வந்தது? ஈத்தேன் என்ற வாயுவையும் சேர்த்து அளந்து பாருங்கள். குழாய் எரிவாயுவில் ஈத்தேன் கலந்திருக்கும். குப்பையிலும் சாக்கடையிலும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேனில் அது இல்லை என்றே சொல்லலாம்.

படி 5: அப்புறம் மொத்த நகரம். நகருக்குள் உயரமான கட்டடங்களின் மேலும், நகருக்கு வெளியிலும் அளவிகளை வையுங்கள். உள்ளே வரும் காற்றுக்கும் நகரைக் கடந்த காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காற்றோட்ட மாதிரியில் (காற்று எப்படி நகர்கிறது என்று கணக்கிடும் கணினி மாதிரி) போட்டால் நகரின் உமிழ்வு கிடைக்கும். 2012 செப்டம்பர் முதல் ஓராண்டு பாஸ்டன் வட்டாரத்தில் இப்படி அளந்தபோது, அங்கே வந்த எரிவாயுவில் சுமார் 2.7 சதவீதம் காற்றில் கலந்தது தெரிந்தது. கணக்கேடுகள் சொன்னதைப்போல இது 2 முதல் 3 மடங்கு!

உங்களுக்கும் இப்படி இடைவெளி வந்தால் படி 1-க்குத் திரும்புங்கள். மீட்டருக்கு அப்பால், வீட்டு அடுப்பிலும் வெந்நீர்க் கொதிகலனிலும் கசிவதைக் கணக்கில் சேர்த்தீர்களா என்று முதலில் பாருங்கள்.