ஊர் ஊராக ஆடும் உள்ளரங்கக் குவாட்டர்பேக்கின் ஆட்டவரலாற்றைப் படிப்பது எப்படி?

அமெரிக்கக் கால்பந்தில் ஒருவரை 'ஜர்னிமேன்' என்று குறிப்பிட்டால், அவர் எங்கும் நிலைக்காமல் ஆண்டுக்கொரு அணிச்சட்டை மாற்றியவர் என்று பொருள். அமெரிக்காவின் முதன்மை லீக்கான என்எஃப்எல்லின் வீரர் ஒருவரின் பெயருக்குக் கீழே ஏழெட்டு அணிகள் இருந்தால், ஏழெட்டுப் பயிற்சியாளர்கள் அவரை வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள் என்று எண்ணிக்கொள்வதில் பெரிய பிழை நேர்ந்துவிடாது. உள்ளரங்கக் கால்பந்து வீரரைப் பற்றி அப்படி எண்ணினால் பெரும்பாலும் தவறாகிவிடும். அங்கே வீரர் அணியை விட்டுப் போகும் அளவுக்கு அணியும் வீரரை விட்டுப் போகும். அணியை மூடிவிடுவார்கள், வேறு ஊருக்கு விற்றுவிடுவார்கள், சில ஆண்டு லீக்கே நடக்காது. அப்படிப்பட்ட குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஒருவரின் ஆட்டப் பட்டியல் உங்கள் கையில் கிடைத்தால், அதை எந்த வரிசையில், எந்தெந்தக் கேள்விகளோடு படிக்கலாம் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

பட்டியலைத் தொடுமுன் களம்

எண்கள் பிடிபட வேண்டுமானால், இந்த ஆட்டம் எவ்வளவு சிறிய இடத்தில் நடக்கிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஜிம் ஃபாஸ்டர் 1981-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்கச் சாக்கர் போட்டி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த காகித உறையின் மேலேயே இந்த ஆட்டத்தின் வரைபடத்தைக் கிறுக்கினார். ஐஸ் ஹாக்கித் தளத்தின் மேல் செயற்கைப் புல்லை விரித்தால் கிடைக்கும் இடம்தான் களம்: 50 கஜ நீளம், 85 அடி அகலம், இரு முனைகளிலும் 8 கஜ ஆழத்தில் புள்ளி எடுக்கும் பகுதியான எண்டு சோன். வெளிக்களத்தில் இதே அளவுகள் 100 கஜம், 160 அடி, 10 கஜம். பக்கத்துக்குப் பதினொருவருக்குப் பதிலாக எட்டுப் பேர் ஆடுகிறார்கள். பக்கவாட்டில் எல்லைக்கோட்டின் வேலையை மெத்தை கட்டிய தடுப்புச்சுவர் செய்கிறது. பந்தை உதைத்து எதிரணியின் பக்கம் தள்ளிவிடும் 'பண்ட்' கிடையாது. பத்துக் கஜம் முன்னேறக் கிடைக்கும் முயற்சிகளில் கடைசியான நான்காவதில் ஓடியோ வீசியோ பார்க்க வேண்டும், இல்லையேல் கம்பங்களுக்கிடையே ஃபீல்டு கோலுக்கு உதைக்க வேண்டும்.

1987-இல் பிட்ஸ்பர்க், வாஷிங்டன், டென்வர், சிகாகோ ஆகிய நான்கு அணிகளுடன் தொடங்கிய அரீனா ஃபுட்பால் லீக்கில், கோல் கம்பங்களின் இருபுறமும் பந்து பட்டுத் திரும்பும்படி உயரமான வலைகளைக் கட்டினார்கள். ஃபாஸ்டர் 1990-இல் இந்த ஆட்டமுறைக்குக் காப்புரிமை பெற்றுவிட்டதால், பின்னர் வந்த போட்டி லீக்குகள் வலையில்லாமல் ஆடி, 'இண்டோர் ஃபுட்பால்' என்ற பொதுப்பெயரை வைத்துக்கொண்டன. ஆகவே ஒருவரது பட்டியலில் 'அரீனா', 'இண்டோர்' இரண்டும் கலந்து வந்தால், அவை விதிகளிலும் சற்று வேறுபட்ட இரண்டு ஆட்டங்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி, பழைய போட்டியின் காணொளி ஏதாவது கிடைத்தால், அதில் ஒரே ஒரு வீச்சை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். குவாட்டர்பேக்குக்கு முன்னால் எதிரணியைத் தடுக்க மூன்று லைன்மேன்கள்தான் இருப்பார்கள். அருகில் ஒரு ஃபுல்பேக், அகலத்தில் வீசும் பந்தைப் பிடிக்கும் மூன்று ரிசீவர்கள். அந்த ரிசீவர்களில் ஒருவர், பந்து கைக்கு வருமுன்பே, பின்னாலிருந்து ஆட்டம் தொடங்கும் கோட்டின் பக்கம் முழு வேகத்தில் ஓடிவர விதி இடமளிக்கிறது. பந்து கைமாறும் கணத்தில் அவர் கோட்டைத் தாண்டும்படி குவாட்டர்பேக் குரல் கொடுக்க வேண்டும். அரை நொடி தாமதித்தால் அந்த ஓட்டம் வீண், அரை நொடி முந்தினால் தண்டனை. பந்தைப் பெற்ற குவாட்டர்பேக் மூன்றடி பின்வாங்குவதற்குள் எதிரணியின் மூன்று லைன்மேன்களும், அவர்களுக்குப் பின்னால் நிற்கும், 'மேக்' என்றழைக்கப்படும் லைன்பேக்கரும் மேலே வந்து விழுவார்கள். அதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். அது தடுப்பாளரின் தலைக்கு மேலே ஏறி, சுவருக்கு முன்னால் இறங்க வேண்டும். கொஞ்சம் நீண்டுவிட்டால் பந்து முதல் வரிசைப் பார்வையாளரின் மடியில் விழும். அரீனா லீக்கின் மரபுப்படி அவர் அதை வீட்டுக்கே எடுத்துப் போகலாம். தோளின் பலத்தைவிடக் கையின் வேகமும் கணக்கும்தான் இங்கே சோறு போடுகின்றன என்பதை இந்த ஒரு காட்சியே புரியவைத்துவிடும். என்எஃப்எல் தேர்வாளர்கள் கழித்துவிட்ட பலர் இங்கே இருபது வயதுகளின் பின்பாதியிலும் முப்பதுகளிலும் தழைப்பதற்குக் காரணமும் இதுவே.

ஆண்டுகளையும் அணிகளையும் அருகருகே வைத்தல்

அடுத்து, அணிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் அருகிலும் அந்த அணி எப்போது பிறந்தது, எப்போது முடிந்தது என்று எழுதுங்கள். வீரர் விலகிய ஆண்டும் அணி மூடப்பட்ட ஆண்டும் ஒன்றாக இருந்தால், அந்த மாற்றத்தை அவர் கணக்கில் சேர்க்கக் கூடாது. இந்தச் சிறு வேலையைச் செய்தாலே பாதிப் பட்டியல் வேறு உருவம் எடுத்துவிடும்.

லீக்கின் பெரிய முறிவுகள் சிலவற்றை மனத்தில் வைத்திருப்பது நல்லது. அரீனா லீக் 2009 பருவத்தை நடத்தவேயில்லை. 2010-இல் புதிய அமைப்பாகத் திரும்பி வந்தது. 2018-இல் நான்கு அணிகளாகச் சுருங்கி, 2019 நவம்பரில் மூடப்பட்டது. 2024-இல் அதே பெயரில் பதினாறு அணிகளோடு மீண்டும் தொடங்கி, முதல் சில வாரங்களிலேயே பல அணிகளை இழந்தது. அதன் இளைய லீக்கான 'ஏஎஃப்2' 2000 முதல் 2009 வரை இயங்கியது. சிறு நகர லீக்குகள் இரண்டு இணைந்து உருவான இண்டோர் ஃபுட்பால் லீக் 2009-இல் தன் முதல் பருவத்தை ஆடி, இன்றுவரை தொடர்கிறது. ஆகவே ஒருவரது பட்டியலில் 2009 காலியாக இருந்தால், அவருக்கு அடிபட்டிருக்கும் என்றோ யாரும் சேர்க்கவில்லை என்றோ முடிவு கட்டாதீர்கள்.

பெயர்கள் செய்யும் குழப்பம் தனி. அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற அணி 2000 பருவத்துக்குப் பிறகு நியூயார்க் பக்கம் போய் 'டிராகன்ஸ்' ஆனது. பிறகு அயோவா மாநிலத்தின் டி மாய்ன் நகரில் அதே பழைய பெயரில் வேறோர் அணி எழுந்து, ஏஎஃப்2-விலும், அதன்பின் அரீனா லீக்கிலும், 2015 முதல் இண்டோர் ஃபுட்பால் லீக்கிலும் ஆடியது. ஸ்போகேன் நகரத்தில் நேர்மாறாக நடந்தது: 2010-இல் அரீனா லீக்கின் இறுதிப்போட்டியான அரீனா பௌலை வென்ற 'ஷாக்' அணி 2016-இல் லீக் மாறியபோது பெயரை இழந்து 'எம்பயர்' என்று ஆட வேண்டியதாயிற்று. ஒரே ஊர், ஒரே அரங்கம், ஒரே வீரர் என்றாலும், பட்டியலில் இரண்டு அணிகளாகத்தான் தெரியும். எண்ணிப் பார்த்து 'எத்தனை அணி மாறியவர்!' என்று வியப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

மற்றொன்றையும் கவனியுங்கள். பருவத்தின் நடுவில் அணி மாறியிருந்தால், அது பெரும்பாலும் வேறோர் அணியின் குவாட்டர்பேக் காயமடைந்து, அவசரமாக ஒருவர் தேவைப்பட்ட இடம். வாரத் தொடக்கத்தில் வந்திறங்கி வாரக் கடைசியில் ஆட வேண்டியவருக்கு, புதிய பயிற்சியாளரின் சொற்களை மூன்று நான்கு நாளில் கற்றாக வேண்டும். அப்படி அழைக்கப்படுவதே ஒரு நற்சான்று என்பது என் கருத்து, ஏனெனில் கற்றுக்கொள்ள நேரம் கேட்பவரை அந்த நிலையில் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

எண்களைச் சல்லடையில் போடுதல்

புதிதாகப் பார்ப்பவர்களை மிரளவைப்பது டச்டவுன் (பந்தை எண்டு சோனுக்குள் கொண்டு சேர்ப்பது) எண்ணிக்கை. ஒரே பருவத்தில் எழுபது, எண்பது என்று இருக்கும். அதை எப்படிக் கழித்துப் பார்ப்பது என்பதற்கு, இரண்டு களத்திலும் உச்சத்தில் ஆடிய கர்ட் வார்னரின் எண்களைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. 1997-இல் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸுக்காக 14 போட்டிகள் கொண்ட பருவத்தில் அவர் 4,149 கஜங்களுக்கு வீசி, 79 டச்டவுன்கள் கொடுத்தார். 1999-இல் என்எஃப்எல்லின் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்காக 16 போட்டிகளில் 4,353 கஜங்களும் 41 டச்டவுன்களும் அவர் கணக்கில் உள்ளன.

வகுத்துப் பாருங்கள். போட்டிக்கு உள்ளரங்கத்தில் ஏறக்குறைய 296 கஜம், வெளிக்களத்தில் 272 கஜம், அதாவது பெரிய வேறுபாடில்லை. ஆனால் ஒரு டச்டவுனுக்கு உள்ளரங்கத்தில் சுமார் 52 கஜமும் வெளிக்களத்தில் சுமார் 106 கஜமும் தேவைப்பட்டிருக்கின்றன. களங்களின் நீளம் முறையே 50, 100 என்பதை நினைவில் கொண்டால், எண் பெருத்தது எதனால் என்பது கண்ணெதிரே தெரிகிறது. ஆகவே கஜங்களை அப்படியே எடுத்துக்கொண்டு, டச்டவுன்களைப் பாதியாக்கிப் பார்ப்பது முதல் மதிப்பீட்டுக்குப் போதும். இது துல்லியமான சூத்திரமன்று. சரக்கைக் கையில் தூக்கி எடை சொல்வது போன்றதுதான்.

அதன் பிறகு கண் போக வேண்டிய இடம் இன்டர்செப்ஷன், அதாவது வீசிய பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது. பண்ட் இல்லாத, இரு அணிகளும் மாறி மாறிப் புள்ளி எடுக்கும் ஆட்டத்தில், எதிரணியிடம் பறிகொடுத்த ஒரு பந்தே போட்டியின் முடிவை மாற்றிவிடக்கூடியது. வார்னரின் அந்த 1997 பருவத்தில் 79-க்கு எதிராக 16 இன்டர்செப்ஷன்கள், ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று. எத்தனை போட்டிகள் ஆடினார் என்ற பத்தியைப் பார்க்காமல் மொத்த எண்களை ஒப்பிடாதீர்கள். இரண்டு போட்டிக்கு வந்தவரும் பருவம் முழுவதும் ஆடியவரும் பட்டியலில் ஒரே அளவு இடத்தைத்தான் பிடிப்பார்கள்.

சம்பளம் என்ற பத்தி பட்டியலில் இருக்காது

எனினும் அதைத் தெரிந்துகொள்ளாமல் அணி மாற்றங்கள் விளங்கா. 2008 வரை அரீனா லீக்கின் பெயர்பெற்ற குவாட்டர்பேக்குகள் அந்த வருமானத்திலேயே குடும்பம் நடத்த முடிந்தது. 2010-இல் லீக் திரும்பி வந்தபோது ஒரு வீரரின் அடிப்படை ஊதியம் போட்டிக்கு 400 டாலராக இறங்கியது. 2012 மார்ச்சில், பருவத்தின் முதல் போட்டிக்கு முன், வேலைநிறுத்தப் பூசலில் பிட்ஸ்பர்க் பவர் அணியின் வீரர்களை ஆர்லாண்டோவில் ஓர் உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்திலேயே விடுவித்துவிட்டார்கள். சிறு லீக்குகளில் ஊதியத்தோடு பருவக் காலத்துக்கான தங்குமிடமும் தருவது வழக்கம். ஒருவர் ஏன் வென்ற அணியை விட்டுத் தோற்ற அணிக்குப் போனார் என்று கேட்டால், விடை பெரும்பாலும் வாடகையிலோ, அந்த ஊரில் கிடைத்த பகல் வேலையிலோ, சொந்த ஊரின் தொலைவிலோ இருக்கும்.

வார்னரை எல்லாருக்கும் அளவுகோலாக வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1994-இல் என்எஃப்எல்லின் கிரீன் பே பேக்கர்ஸ் கழித்துவிட்ட பிறகு, மணிக்கு 5.50 டாலருக்கு மளிகைக்கடையில் சரக்கு அடுக்கியவர், உள்ளரங்கம் வழியாகவும் ஐரோப்பிய லீக்கின் ஆம்ஸ்டர்டாம் அணி வழியாகவும் போய் என்எஃப்எல்லின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை வென்றார் என்பது உண்மை. ஆனால் அந்த வாயில் ஒருவருக்காகத் திறந்தது போல் மற்றவர்களுக்குத் திறக்கவில்லை. உள்ளரங்கத்திலேயே தொழில் நடத்தி முடித்தவர்களை 'வார்னர் ஆக முடியாதவர்கள்' என்று படிப்பது அநியாயம்.

ஒரு பட்டியலை முழுதாகப் படித்துப் பார்ப்போம்

அரீனா லீக் குவாட்டர்பேக் ஏரன் கார்சியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1995-இல் கனெக்டிகட் கயோட்டீஸில் தொடங்கினார். 1995, 1996 என இரண்டே பருவங்கள் உயிரோடிருந்த அணி அது. பிறகு நியூ ஜெர்சி, அதன்பின் அயோவா. 2001-இல் 'நியூயார்க்' என்று பட்டியல் காட்டுவது, அயோவா அணி இடம்பெயர்ந்ததன் தொடர்ச்சி. அங்கே 2008 வரை நிலைத்து ஆடினார். 2009 காலி, அதன் காரணம் உங்களுக்கு இப்போது தெரியும். டிராகன்ஸும் அதோடு மறைந்தது. 2010-இல் புதிதாகப் பிறந்த ஜாக்சன்வில் ஷார்க்ஸில் சேர்ந்தார். மேலோட்டமாகப் பார்த்தால் நாடோடி. தாளில் பிறப்பு, இறப்பு ஆண்டுகளை எழுதிப் பார்த்தால், அயோவாவில் தொடங்கி 2008 வரை ஒரே அணியோடு இருந்தவர்.

2011 ஆகஸ்டில் ஃபீனிக்ஸில் நடந்த அரீனா பௌலில், நாற்பது வயதில், கடைசி ஆட்டத்தில் ஜெரான் ஹார்விக்கு அவர் வீசிய டச்டவுனால் ஜாக்சன்வில் 73-70 என்ற கணக்கில் அரிசோனா ராட்லர்ஸை வென்றது. 1,300-க்கும் மேற்பட்ட டச்டவுன் வீச்சுகளோடு லீக்கின் எல்லாக் காலப் பட்டியலிலும் முதலிடத்தில் இருக்கும் அவர் பெயர், என்எஃப்எல் மட்டும் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் காதில் விழுந்திருக்காது.

பட்டியலின் கடைசி வரியோடு நிறுத்திவிடாதீர்கள். அதே பெயரைப் பயிற்சியாளர்களின் பட்டியலிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள், ஏனெனில் நான்கைந்து அணிகளின் ஆட்டப்புத்தகங்களை மனப்பாடம் செய்தவரை அணிகள் எளிதில் கைவிடுவதில்லை. டாம்பா பே ஸ்டார்ம் குவாட்டர்பேக்காக நான்கு அரீனா பௌல்கள் வென்ற ஜே குரூடன், ஆர்லாண்டோ பிரெடேட்டர்ஸின் பயிற்சியாளராக மேலும் இரண்டு வென்று, 2014-இல் வாஷிங்டனின் என்எஃப்எல் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். மில்வாக்கி, ஹூஸ்டன் என்று சுற்றி, 2001-இல் கிராண்ட் ராபிட்ஸில் பட்டம் வென்று, பின்னர் டாலஸிலும் ஆடிய கிளின்ட் டோலெசல், 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பிலடெல்பியா சோல் அணியைப் பயிற்சியாளராக நின்று வெல்லவைத்தார்.