அச்செபேயின் நாவலை அபராதக் கணக்கோடு வாசிப்பது எப்படி

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' 1958இல் லண்டனில் வெளியானது. தமிழில் என்.கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் 'சிதைவுகள்' என்று வந்திருக்கிறது. 25 அத்தியாயங்கள்தான், இரண்டு நாளில் முடித்துவிடலாம். அதுவே சிக்கலும்கூட. வேகமாக வாசிப்பவர்கள் முதல் பாதியைச் சடங்கு சம்பிரதாயம் என்றும், பாதிரியார்கள் வந்த பிறகுதான் கதை ஆரம்பம் என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் முதல் 13 அத்தியாயங்கள் உமுவோஃபியா என்ற இக்போ மக்களின் ஊருடைய சட்டப் புத்தகம். அதைப் படிக்காமல் தாண்டினால், கடைசி ஆறு அத்தியாயங்களில் என்ன உடைந்தது என்பதே பிடிபடாது.

தனியாக வாசிப்பவர்களுக்கும் வாசிப்பு வட்டம் நடத்துபவர்களுக்கும் ஊரின் தீர்ப்புகளையும் அபராதங்களையும் குறித்துக்கொண்டே வாசிக்கும் இந்த முறை பொருந்தும். கதையின் முடிவு கீழே வருகிறது. அது முன்பே தெரியக்கூடாது என்பவர்கள் நாவலை முடித்துவிட்டு வாருங்கள்.

நான்கு அமர்வு, ஒரு நோட்டு

1 முதல் 7 வரை ஓர் அமர்வு, 8 முதல் 13 வரை அடுத்தது, 14 முதல் 19 வரை மூன்றாவது, 20 முதல் 25 வரை கடைசி. முதல் பாகம் 13ஆம் அத்தியாயத்தோடும் இரண்டாம் பாகம் 19ஆம் அத்தியாயத்தோடும் முடிவதால் இந்தப் பிரிப்பு இயல்பாகவே அமைகிறது. 7ஆம் அத்தியாயத்தில் கட்டாயம் நிறுத்துங்கள். அது, வேற்றூரிலிருந்து பிணையாக வந்த பையன் இகெமெஃபுனா கொல்லப்படும் இடம். அதை முடித்த கையோடு அடுத்ததற்குப் போனால் அதன் கனம் கரைந்துவிடும்.

நோட்டில் இடப்பக்கம் 'பழைய தீர்ப்பு', வலப்பக்கம் 'புதிய தீர்ப்பு' என்று தலைப்பிடுங்கள். யார் தவறு செய்தார், யார் விசாரித்தார், என்ன அபராதம், அது யாருக்குப் போனது என்ற நான்கும் ஒவ்வொரு பதிவிலும் இருக்கட்டும். முதல் இரண்டு அமர்வுகளில் இடப்பக்கம் மட்டுமே நிரம்பும். வலப்பக்கம் காலியாக இருக்கிறதே என்று கண்டதையும் எழுதி நிரப்பவேண்டாம்.

காலக் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுங்கள்

முதல் மூன்று அத்தியாயங்களில் காலம் முன்னும் பின்னும் போகும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். நாயகன் ஒகோன்க்வோ மல்யுத்தத்தில் வெல்வது, இகெமெஃபுனா பிணையாக வருவது, 3ஆம் அத்தியாயத்தின் வறட்சி ஆண்டு, இவை நடந்த வரிசையிலேயே சொல்லப்படவில்லை. வறட்சி அவனுடைய இளமைக்காலத்தில். இகெமெஃபுனா அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வந்து, மூன்று வருடம் அந்த வீட்டில் வளர்கிறான். ஒரு கோடு போட்டு இதை எழுதிவைத்தால் போதும்.

இக்போ வாரத்துக்கு நான்கு நாட்கள்: எக்கே, ஓயே, அஃபோ, ந்க்வோ. நான்கும் சந்தை நாட்களின் பெயர்கள். ஏழு சந்தை வாரம் என்றால் 28 நாள். இந்தக் கணக்கு 17ஆம் அத்தியாயத்தில் தேவைப்படும். ஒகோன்க்வோவின் தாய்வழி ஊரான ம்பண்டாவின் ஆட்கள், கெட்ட சக்திகள் உலவுவதாக அஞ்சும் தீய வனத்தில் மிஷனுக்கு இடம் கொடுத்துவிட்டு, நாலு நாளில் எல்லாரும் செத்துவிடுவார்கள் என்று காத்திருப்பார்கள். சாகவில்லை. தெய்வங்கள் பொறுமை காட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு, அது ஏழாவது சந்தை வாரம். அதுவும் தாண்டியபோது மதம் மாறுவோர் கூடுகிறார்கள்.

கதை நடக்கும் ஆண்டைக் கறாராகக் குறிக்க முயலாதீர்கள். வெள்ளைக்கார மாவட்ட ஆணையர் 23ஆம் அத்தியாயத்தில் ஒரு பேரரசியைப் பற்றிப் பேசுகிறார். விக்டோரியா 1901 ஜனவரியில் இறந்துவிட்டார். ஆனால் 15ஆம் அத்தியாயத்தில் வெள்ளையர் அபாமே ஊரில் நடத்தும் படுகொலையை, 1905இல் அஹியாராப் பக்கம் சைக்கிளில் போன ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் கொல்லப்பட்டதோடும், அதற்குப் பழிவாங்கப் போன படையோடும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். இரண்டும் ஒரே ஆண்டில் பொருந்தாது. நாவலாசிரியர் நாட்குறிப்பு எழுதவில்லை.

கிழங்கு விஷயத்திலும் ஓர் எச்சரிக்கை. இங்கே விளைவது சேனை அல்ல, பெருவள்ளி இனம். கொடியாகப் படரும், கம்பு நட்டு ஏற்றிவிட வேண்டும், பெண்கள் மூன்று முறை களை எடுப்பார்கள். வறட்சி ஆண்டில் ஒகோன்க்வோ இளங்கொடிகளைச் சுற்றிக் கற்றாழை மடல்களை வளையமாக வைத்தும் பலிக்காமல் போவதை, இந்த உழைப்பு தெரிந்தால்தான் உணர முடியும். வறட்சியில் போனது அவனுடைய சொந்த விதைக்கிழங்கு. மழை வந்தபின் நட மிஞ்சியிருந்தது பிறர் கொடுத்ததுதான். ந்வாகிபியே கொடுத்தது 800, அப்பாவின் நண்பர் கொடுத்தது 400. இப்படிப் பிறர் கிழங்கை வாங்கிப் பங்குக்குப் பயிரிட்டால் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குதான் கையில் நிற்கும்.

இடப்பக்கத்தில் கட்டாயம் வரவேண்டிய நான்கு

முதலாவது, 4ஆம் அத்தியாயத்தில் அமைதி வாரத்தில் ஒகோன்க்வோ மனைவியை அடித்தது. அபராதம் ஒரு பெண் ஆடு, ஒரு கோழி, ஒரு துணி, 100 சோழி (அங்கே சோழிதான் பணம்). போவது பூமித்தாய் ஆனியின் கோயிலுக்கு. இதோடு ஒரு வரியைத் தவறவிடாதீர்கள். முன்காலத்தில் அமைதியைக் குலைத்தவனைச் சாகும்வரை தரையில் இழுத்துப்போவார்களாம். காப்பாற்ற நினைத்த அமைதியை அந்தத் தண்டனையே கெடுக்கிறது என்று ஊரே அதை நிறுத்திவிட்டது என்கிறார் கிழவர் எஸேயுடு. வெள்ளையர் வரும்வரை அந்தச் சமூகம் உறைந்து கிடந்தது என்று கட்டுரை எழுதுபவர்களுக்கு இந்த ஒரு வரியே பதில்.

இரண்டாவது, 8ஆம் அத்தியாயத்தில் பரியம் பேசுவது. வாயால் தொகை சொல்வதில்லை. துடைப்பக் குச்சிக் கட்டு கைமாறும், எதிர்த்தரப்பு வெளியே போய்க் கலந்துபேசிக் குச்சிகளைக் குறைத்துக்கொண்டு வரும். 30இல் தொடங்கியது 20 மூட்டைச் சோழியில் நிற்கிறது. இந்த 20ஐ வட்டமிட்டு வையுங்கள்.

மூன்றாவது, 10ஆம் அத்தியாயத்தின் வழக்கு. மனைவியை அடித்துத் துவைத்த உஸோவுலு, அவளைக் கூட்டிப்போன மைத்துனர்களிடம் பரியத்தைத் திருப்பிக் கேட்கிறான். விசாரிப்பது முகமூடி தரித்த முன்னோர்களான ஒன்பது எக்வுக்வு, ஒன்பது கிராமங்களுக்கு ஒன்பது பேர். இரண்டு தரப்பையும் சாட்சிகளையும் கேட்கிறார்கள், தனியே கலந்து பேசுகிறார்கள். ஒரு பானைக் கள்ளோடு போய் மனைவியைத் திரும்பி வரும்படி கெஞ்ச வேண்டும் என்பது தீர்ப்பு. இவ்வளவு அற்ப வழக்கு இங்கே ஏன் வந்தது என்று ஒரு பெரியவர் கேட்க, உஸோவுலு வேறு யார் சொன்னாலும் கேட்கமாட்டான் என்று பதில் வருகிறது. இரண்டாவது எக்வுக்வுவின் நடை ஒகோன்க்வோவின் நடையாக இருப்பதை அவன் மனைவிகள் கவனித்திருக்கலாம். ஆனால் வாய் திறப்பதில்லை. நீதிமன்றம் நிற்பதே அந்த மௌனத்தின் மேல்தான். 22ஆம் அத்தியாயத்தில் மதம் மாறிய ஏனோக் ஓர் எக்வுக்வுவின் முகமூடியைக் கழற்றும்போது எது விழுகிறது என்பதற்கு இந்தப் பக்கத்தைத் திரும்பப் புரட்டவேண்டும்.

நான்காவது, 13ஆம் அத்தியாயத்தில் ஒகோன்க்வோவின் துப்பாக்கி தவறி வெடித்து ஒரு பையன் சாவது. ஏழு வருட ஊர்நீக்கம், வீடு தரைமட்டம். இடித்தவர்களில் உயிர் நண்பன் ஒபியெரிகாவும் உண்டு. முடிந்தபின் தெரியாமல் செய்த பிழைக்கு இவ்வளவு ஏன் என்று யோசிப்பவனும் அவனே, ஊர் வழக்கப்படி காட்டில் விட்ட தன் இரட்டைக் குழந்தைகளை நினைத்துப் பார்ப்பவனும் அவனே. ஒகோன்க்வோவை இக்போ மக்களின் மாதிரியாக எடுத்துக்கொள்வதுதான் வாசகர்கள் செய்யும் பெரிய தவறு. அவன் ஊரின் சட்டத்தை அடிக்கடி மீறுபவன். ஊர் எப்படி யோசிக்கிறது என்று தெரிய ஒபியெரிகாவைப் பின்தொடருங்கள்.

ஓரத்தில் ஒரு பெயர்ப்பட்டியல்

இந்தச் சட்டம் யாரை நசுக்குகிறது என்பதையும் நோட்டின் ஓரத்தில் எழுதிவாருங்கள்: இரட்டைப்பிள்ளை பெற்ற தாய்மார், தீண்டத்தகாத ஓசு, ஊரின் கௌரவப் பட்டமில்லாதவர்கள், இகெமெஃபுனாவை மறக்கமுடியாத ஒகோன்க்வோவின் மகன் ந்வோயே. 16 முதல் 18 வரையான அத்தியாயங்களில் தேவாலயத்துக்குள் போகிறவர்களின் பெயர்கள் ஏறக்குறைய இந்தப் பட்டியலிலிருந்தே வரும். ந்வோயேயைப் பிடித்திழுத்தது திரித்துவம் அல்ல, பாட்டுத்தான் என்று நாவல் தெளிவாகவே சொல்கிறது. பாதிரியார் ஏமாற்றினார் என்றோ, மக்கள் விழித்துக்கொண்டார்கள் என்றோ ஒற்றை வரியில் முடிப்பவர்களுக்கு இந்தப் பட்டியலைக் காட்டுங்கள்.

வலப்பக்கம்

இப்போது 20ஆம் அத்தியாயம். ஒரு நிலத்தகராறில் அந்த நிலம் ந்நாமா குடும்பத்துக்குப் போகிறது. கோர்ட் சேவகர்களுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் அவர்கள் நிறையப் பணம் கொடுத்திருந்தார்கள். அந்தத் தகராறில் ஒருவனைக் கொன்ற அனேட்டோ தூக்கிலிடப்படுகிறான். யார் விசாரித்தார், எந்த மொழியில் என்ற கட்டங்களை நிரப்பிப் பாருங்கள். எக்வுக்வு கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட இங்கே கேட்கப்படுவதில்லை. 21ஆம் அத்தியாயத்தையும் ஒரு பதிவாக்குங்கள். வெள்ளையர் கடை வைத்தபின் பனை எண்ணெய்க்கும் பனங்கொட்டைப் பருப்புக்கும் விலை ஏறி ஊரில் பணம் புழங்குகிறது. அரசாங்கத்தை வெறுப்பவர்களும் கடையை வெறுப்பதில்லை.

பிறகு 23ஆம் அத்தியாயம். ஏனோக் செய்ததற்குப் பதிலாகத் தேவாலயத்தை எரித்ததற்காக, பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டு ஆறு தலைவர்களுக்கு விலங்கு பூட்டுகிறார்கள். ஆணையர் போட்ட அபராதம் 200 மூட்டைச் சோழி. சேவகர்கள் ஊரில் சொன்னது 250. இடையில் உள்ள 50 அவர்கள் பைக்கு. வட்டமிட்ட 20ஐ இப்போது எடுங்கள். ஒரு பெண்ணின் பரியத்தைப்போலப் பன்னிரண்டரை மடங்கு, விசாரணையே இல்லாமல், இரண்டு பக்கமும் பேசி ஒப்புக்கொள்ளும் குச்சிக்கட்டு இல்லாமல் வசூலாகிறது. அது போகும் இடம் கோயிலும் அல்ல, பாதிக்கப்பட்டவர் வீடும் அல்ல. 24ஆம் அத்தியாயத்தில் ஒகோன்க்வோ கத்தியை ஓங்கும்போது எதிரில் நிற்பது ஒரு கோர்ட் சேவகன் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்து வாசியுங்கள்.

கடைசிப் பயிற்சி

ஒகோன்க்வோவின் சாவைப் பார்த்த ஆணையர், தான் எழுதப்போகும் புத்தகத்தில் இவனுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கலாமா என்று யோசித்து, ஒரு பத்தி போதும் என்று முடிவு செய்கிறார். அந்தப் பத்தியை நீங்களே ஆணையராக இருந்து பத்து வரியில் எழுதுங்கள். வட்டத்தில் எல்லாரும் எழுதி உரக்க வாசிக்கட்டும். ஆணையரைக் கேலிச்சித்திரமாக்கிவிடுவது இங்கே வழக்கமாக நடக்கும் பிழை. அவர் தன்னை நியாயவான் என்றே நம்புகிறார், எழுத்திலும் அந்தத் தொனி வரவேண்டும். எழுதி முடித்ததும் நோட்டைத் திறந்து, இடப்பக்கப் பதிவுகளில் அந்தப் பத்து வரிக்குள் இடம் கிடைக்காதவற்றை ஒவ்வொன்றாக அடிக்கோடிடுங்கள்.