லாண்டரி மெஷின் வாங்கும் முன் வாய்க்காலை வெட்டுங்கள்

மதுரையில் டவுன்ஹால் ரோட்டைச் சுற்றியுள்ள லாட்ஜ்களின் படுக்கை விரிப்புகளை நம்பி லாண்டரி தொடங்குகிறவர்கள், மெஷின் விலையைப் பத்துக் கடைகளில் விசாரிப்பார்கள். கழிவுநீர் எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை.

வீட்டு மெஷின் பம்ப் வைத்து மெல்ல வெளியேற்றும். தொழில்முறை மெஷினில் பெரும்பாலும் அடியில் வால்வு திறக்கும். மொத்தத் தண்ணீரும் மடமடவென ஒரே நேரத்தில் கொட்டும். ஒரு கிலோ துணிக்கு சுமார் 5 லிட்டர் என்று வைத்தால், 30 கிலோ துணி பிடிக்கும் மெஷின்கள் இரண்டு சேர்ந்து திறக்கும்போது 300 லிட்டர். குளியலறைக் குழாய் அதைத் தாங்காது. மெஷின்களுக்குப் பின்னால் 10 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஓரடி ஆழத்தில் வாய்க்கால் கட்டினால் சுமார் 350 லிட்டர் நிற்கும். பிறகு நிதானமாக வடியும். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம், அதாவது சரிவு, வேண்டும். கொத்தனார் "கண்ணுக்கே தெரியுது" என்றாலும் நம்பாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்துவிட்டே கூலி கொடுங்கள்.

வாய்க்கால் முடிவில் கழற்றக்கூடிய சல்லடை அவசியம். துண்டுகளிலிருந்து உதிரும் பஞ்சு, ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் திரியும் சோப்புடன் சேர்ந்து குழாய்க்குள் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். தினமும் அள்ளி எறியுங்கள். கொதிநீர்ச் சலவை உண்டென்றால் சாதாரண பிவிசி குழாய் வளைந்துவிடும், சூடு தாங்கும் சிபிவிசி குழாய் போடுங்கள். மழைநீர்க் கால்வாயில் மட்டும் இணைத்துவிடாதீர்கள். மாநகராட்சியிடம் பாதாளச் சாக்கடை இணைப்புக்கு முதலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.