பழைய கால்வாய் லாக் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து வைப்பது எப்படி

தென் இங்கிலாந்தின் வே–ஆரன் கால்வாய் 1871-இல் மூடப்பட்டது. 1970 முதல் தன்னார்வலர்கள் அதைத் துண்டுதுண்டாக மீட்டுவருகிறார்கள். இதுபோன்ற கால்வாய்களில் தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் லாக் அறையின் செங்கல் சுவர்தான் அதிகப் பொறுமை கேட்கும் வேலை.

சிமெண்டைத் தொடவே தொடாதீர்கள். பழைய செங்கல் மிருதுவானது. இடுக்கில் சிமெண்ட் இருந்தால் சுவரின் ஈரம் அதன் வழியாக வெளியேற முடியாது, செங்கல் வழியாகத்தான் வரும். குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரிய, செங்கலின் முகம் அப்பளம்போல் பெயர்ந்து விழும். சாந்து எப்போதும் செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும்.

முதலில் இடுக்குகளைப் பாருங்கள். வௌவால் இருந்தால் வேலையை நிறுத்துங்கள். அதைக் கலைப்பது இங்கிலாந்தில் குற்றம். செடியின் வேரைப் பிடுங்காதீர்கள், செங்கல்லும் கூடவே வரும். தண்டை அடியில் வெட்டி, வேரைச் சாகவிட்டு, பிறகு எடுங்கள். உளியும் சுத்தியலும் கொண்டு பழைய சாந்தை 25 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டுங்கள். மின்சாரக் கட்டர் வேண்டாம், அது செங்கல் ஓரத்தைத் தின்றுவிடும்.

கலவைக்கு ஒரு பங்கு என்.எச்.எல். 3.5 சுண்ணாம்பு (தண்ணீர் பட்டு இறுகும் இயற்கைச் சுண்ணாம்புத் தூள்), இரண்டரைப் பங்கு கூர்மணல் (சொரசொரப்பான மணல்). மண்வெட்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், வாளியால் அளந்துகொள்ளுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம், சுண்ணாம்பு கண்ணைச் சுட்டுவிடும். உலர்ந்தபடியே கலந்து, தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு 20 நிமிடம் கலக்குங்கள். முதலில் உதிரியாகத் தெரியும்; அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் காயும்போது வெடிக்கும். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள்: விழாமல் ஒட்டிக்கொண்டால் அதுதான் பதம்.

முந்தைய மாலையே சுவரை நனையுங்கள், காலையில் இன்னொரு தடவை. காய்ந்த செங்கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும், பிறகு விரலால் தேய்த்தாலே மாவாக உதிரும். ஆழமான குழியென்றால் ஒரே மூச்சில் நிரப்பாமல், 25 மி.மீ.க்கு மேற்படாத அடுக்குகளாக உள்ளே குத்தி அடையுங்கள். கட்டைவிரலை அழுத்தினால் இலேசாகத் தடம் விழும் நேரத்தில், முரட்டுத் தூரிகையால் தட்டுங்கள். மேலே படிந்த சுண்ணாம்புப் பால் ஏடு உடைந்து மணல் தெரிய வேண்டும்.

பிறகு ஈரச்சாக்கு. ஒரு வாரமாவது காயவிடாமல் தண்ணீர் தெளியுங்கள். 5 டிகிரிக்குக் கீழே போகுமென்றால் அன்று சாந்து கலக்க வேண்டாம். அக்டோபருக்குப் பிறகு வைத்த சாந்தைப் பனி பொடியாக்கிவிடும்.